கட்டுமாவடியிலிருந்து கீரனூருக்கு, ஆறு டார்கெட்டுகளின் பின்னால்

முதலில் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மேலே படமாகப் போட்டிருக்கும் நோட்டுப் பக்கங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வரி மேட்டில் ஏறுகிறது, அடுத்த வரி பள்ளத்தில் இறங்குகிறது. அழுத்தி எழுதிய இடங்களில் தாள் கிழிந்திருக்கிறது. எனக்கு வயது எழுபத்தொன்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியில் சாயங்கால வகுப்புக்குப் போய் எழுத்துப் படித்தேன். அதுவரை கைநாட்டு. நாற்பத்தைந்து வருஷம் வலை பின்னிய கைக்கு ஊசி பிடிபடுகிறது, பேனா பிடிபடவில்லை. வழக்கமாக நோட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்து தருவது என் மகள் வளர்மதி. இந்த முறை அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கீரனூரில் இருக்கும் அவளுடைய தோழி நிர்மலா செய்து தந்திருக்கிறாள்.

இதுவரை ஏழு பயணங்கள் எழுதியிருக்கிறேன். எல்லாம் கட்டுமாவடியிலிருந்து பஸ் ஏறி இருட்டுவதற்குள் திரும்பக்கூடிய இடங்கள். யாரையும் கேட்காமல், பஸ் போர்டை நானே படித்து ஏறுகிற சந்தோஷத்துக்காகப் போனவை. இந்த எட்டாவது பயணம் அப்படிப்பட்டது அல்ல. விஜயதசமி அன்று காலை, நான் செய்த ஒரு காரியத்தை என் மகளிடம் சொல்வதற்காகக் கிளம்பிப் போனேன். இருந்தாலும் இந்த வழியில் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் நேரம், தூரம், கட்டணம் எல்லாவற்றையும் குறித்திருக்கிறேன்.

வளர்மதி திருச்சியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆராய்ச்சி செய்கிறாள். அணுக்கரு பிளக்கும்போது அதன் ஆற்றல் எங்கே வீணாகிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. அதற்கான சோதனையை டெல்லியில் ஒரு பெரிய இயந்திரத்தில் செய்ய வேண்டும். இயந்திரம் கிடைப்பது லேசில்லை. ஒன்றரை வருஷம் காத்திருந்து ஐந்து நாள் வாங்கியிருந்தாள். அதை பீம் டைம் என்பாள். இயந்திரத்திலிருந்து வரும் கற்றை எதன் மேல் மோத வேண்டுமோ அதன் பெயர் டார்கெட். தபால்தலை அளவுச் சட்டம், நடுவில் ஓட்டை, ஓட்டையை மூடி ஒரு மெல்லிய தாள். வடக்கே ஓர் ஊரில் இருபது நாள் தங்கி, ஆறு டார்கெட் தன் கையாலேயே செய்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அந்தப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். ஏன் இங்கே தூக்கிக்கொண்டு வந்தாள் என்று அவள் அம்மா கேட்டாள்.

"காலேஜ்ல வச்சுட்டு வந்தா அவ்வளவுதாம்மா. எங்க லேப் அட்டெண்டர் அண்ணன் பூஜைக்கு ஒண்ணு விடாம பொட்டு வப்பாரு. போன வருஷம் ஒரு டிடெக்டருக்கு மூஞ்சில சந்தனத்தப் பூசி விட்டுட்டாரு. அதக் கழுவவே மூணு நாளாச்சு."

சொல்லிவிட்டுப் பெட்டியை பீரோ மேல் வைத்தாள். "இத யாரும் தொட வேண்டாம்," என்றாள். நான் கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது என் காதில் விழுந்தது. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். பின்னால் இந்த வரிக்குத்தான் வேலை வரும்.

மறுநாள் சாயங்காலம் பூஜை. படகை விற்று ஆறு வருஷமாகிவிட்டது. ஆனாலும் வலை ஊசி, நூல் கண்டு, அரிவாள், அடுப்படி அரிவாள்மணை எல்லாம் கழுவி வைத்தோம். என் நோட்டையும் பேனாவையும் வைத்தேன். வாழ்க்கையில் இரண்டாவது முறை. ரொம்பப் பெருமையாக இருந்தது. அப்போது பீரோவைப் பார்த்தேன். வீட்டில் எல்லாருடைய ஆயுதமும் இறங்கி வந்திருக்கிறது, மகளுடையது மட்டும் பொட்டில்லாமல் மேலே கிடக்கிறது. அதை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போகப் போகிறாள். மனசு கேட்கவில்லை. அவள் கடைக்குப் போயிருந்தாள்.

பெட்டியின் மேலேயே ஒரு பொட்டு வைத்திருக்கலாம். அப்படி நான் பழகவில்லை. படகு எஞ்சினுக்குப் பொட்டு வைக்கும்போது மேல் மூடியில் வைக்க மாட்டோம், கழற்றி இரும்பில் வைப்போம். அதனால் திறந்தேன். ஆறு சட்டங்கள் வரிசையாகச் செருகியிருந்தன. நடுவில் கறுப்பாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஏதோ இருந்தது. அதை நான் தொடவில்லை. மோதிர விரலால் ஒவ்வொரு சட்டத்தின் மூலையிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். குங்குமம் கொஞ்சம் கொட்டிவிட்டது. அழுக்காகத் தெரியுமே என்று வாயால் ஊதிவிட்டேன். பெட்டியை மூடி, கற்பூரம் காட்டி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. காலை 7.10 அறந்தாங்கி பஸ்ஸில் வளர்மதி கிளம்பினாள். கீரனூரில் இறங்கி நிர்மலா வீட்டில் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்குத் திருச்சி போய், சாயங்காலம் ரயில் ஏறுவதாகத் திட்டம். ஏறும்போது என் கையில் ஒரு தாளைக் கொடுத்தாள்.

"என்ன ஆராய்ச்சின்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்கள்ல. தமிழ்ல எழுதிருக்கேன். நீங்களே படிங்க. அம்மாவ படிக்கச் சொல்லக் கூடாது."

"அவளுக்குப் படிக்கத் தெரிஞ்சாத்தான," என்றேன். சிரித்துக்கொண்டே போனாள். பெட்டி அவள் மடியில் இருந்தது.

ஒரு பக்கம்தான். எனக்கு ஐம்பது நிமிஷம் ஆனது. அவ்வளவு நேரமும் எனக்கு ஆனந்தம். என் மகள் எனக்கென்று எழுதியதை, இடையில் ஒருவர் இல்லாமல் நானே படிக்கிறேன். அதில் இருந்ததை அப்படியே தருகிறேன்.

'அப்பா, ஒரு பெரிய அணுக்கரு இரண்டாகப் பிளப்பதற்கு முன்னால் நீளும், இடுப்புச் சிறுக்கும், பிறகு அறும். அது சட்டென்று அறுகிறதா, இழுத்து இழுத்து அறுகிறதா என்பதுதான் என் கேள்வி. தண்ணீர் உள்வாங்கிய நேரத்தில் நீங்கள் படகைச் சேற்றில் தள்ளுவீர்கள் அல்லவா? தள்ளுகிற பலத்தில் பாதிதான் படகுக்குப் போகும், மீதி சேற்றுக்குப் போகும். அணுக்கருவுக்குள்ளும் அப்படி ஒரு சேறு இருக்கிறது. நகர வேண்டிய பலம் அதில் சூடாக மாறிப் போகிறது. சூடான அணுக்கரு நியூட்ரான் என்ற துகள்களைக் கக்கும். பிளப்பதற்கு முன் எத்தனை கக்கியது என்று அளந்தால், எவ்வளவு நேரம் தாமதித்தது, உள்ளே எவ்வளவு சேறு என்று கணக்கிடலாம்.'

இந்த இடத்தை மூன்று முறை படித்தேன். சேற்றில் நான் தள்ளியதெல்லாம் என் மகளின் ஆராய்ச்சியில் இருக்கிறது. அப்புறம் கடைசிப் பத்தி.

'பெட்டியில் இருக்கும் டார்கெட்டுகள் தலைமுடியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மெல்லியவை. அதனால்தான் யாரும் தொட வேண்டாம் என்றேன். தொடக்கூட வேண்டாம், பக்கத்தில் பெருமூச்சு விட்டாலே கிழிந்துவிடும். செய்யும்போது நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டுதான் செய்தோம்.'

அப்போதுதான் நினைவு வந்தது. நான் ஊதியபோது கறுப்பாகச் சின்னப் பூச்சி மாதிரி ஏதோ பறந்தது. கொசு என்று நினைத்திருந்தேன்.

மணி 8.15. வீட்டுக்கு ஒரே போன்தான். வளர்மதிக்கு அடித்தேன், எடுக்கவில்லை. பஸ்ஸில் இரண்டு கையும் பெட்டியில் இருக்கும், எடுக்க மாட்டேன் என்று முன்னாலேயே சொல்லியிருந்தாள். எடுத்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. ஆனால் டெல்லி போய்த் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட ரயில் ஏறுவதற்கு முன்னால் தெரிந்தால் ஏதாவது வழி இருக்கலாம். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, "வளரு ஒரு பொருள விட்டுட்டுப் போயிட்டா, குடுத்துட்டு வாரேன்," என்று பொய் சொல்லிக் கிளம்பினேன்.

கட்டுமாவடி முக்கத்தில் 8.40க்கு அறந்தாங்கி பஸ். நாகுடி வழி, முப்பது கிலோமீட்டர், கட்டணம் 25 ரூபாய். ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது சீட் நல்லது, வெயில் படாது. பஸ்ஸின் முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தது. கண்ணாடியில் சந்தனம், கம்பியில் சந்தனம், கண்டக்டர் கையில் இருந்த டிக்கெட் மெஷினிலும் பொட்டு.

"நேத்து பொட்டு வச்சதுலேருந்து மெஷின் மக்கர் பண்ணாம அடிக்குது பாருங்க பெருசு," என்றார் கண்டக்டர். "போன வாரம் பூரா பேப்பர் சிக்கிச் சிக்கி உசுர வாங்குச்சு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "என்ன, நல்ல நாளும் அதுவுமா மூஞ்சத் தூக்கி வச்சிருக்கீங்க? வீட்ல சண்டையா?"

"இல்லங்க. மகளப் பாக்கப் போறேன்."

"அப்ப சிரிச்சுக்கிட்டுல்ல போகணும்," என்று சொல்லிவிட்டு அங்கிட்டு நகர்ந்தார்.

வெட்கத்தோடு ஒன்று சொல்கிறேன். அவ்வளவு வேதனையிலும் என் கண் வழியில் இருந்த போர்டுகளை எல்லாம் படித்துக்கொண்டே வந்தது. உரக்கடை, ஜெராக்ஸ், திருமண மண்டபம், கோழிக்கறி. நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. இந்தப் படிப்பு இல்லாமலிருந்தால் அந்தத் தாள் அலமாரியில் கிடந்திருக்கும், நானும் நிம்மதியாக மத்தியானச் சோறு தின்றிருப்பேன் என்று ஒரு கணம் தோன்றியது. ஊதியது படிப்பு இல்லையே, நான்தானே. அந்த நினைப்பும் அதோடு போய்விட்டது.

அறந்தாங்கி 9.50. நிலையத்தில் கழிப்பறை சுமாராக இருந்தது, ஐந்து ரூபாய். 10.05க்குப் புதுக்கோட்டை பஸ், முப்பத்து நான்கு கிலோமீட்டர், 32 ரூபாய். வழி நெடுக கடைகளுக்கு முன்னால் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்துக் கிடந்தது. ஓட்டுநர் ஒவ்வொன்றுக்கும் வளைத்து வளைத்து ஓட்டினார். ஒரே போடில் சட்டென்று உடைந்த காய்கள். என் மகள் தேடுவது அப்படி உடையாத ஒன்றை. உடைய வேண்டும் என்று ஆன பிறகும் உள்ளே எதனோடோ மல்லுக்கட்டிக்கொண்டு நேரம் கடத்துகிற ஒன்றை. எனக்கு அது நன்றாகப் புரிந்தது. நானும் அந்தப் பஸ்ஸில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது, ஒருவேளை இரண்டுதான் கிழிந்திருக்கும் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒன்றைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு வந்தேன்.

புதுக்கோட்டை 11.15. திருச்சி பஸ் ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று இருக்கிறது, ஆனால் எல்லாம் கீரனூர் உள்ளே போகாது. புறவழியில் இறக்கிவிட்டால் நடக்க வேண்டும். ஏறுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு 11.25க்குக் கிடைத்தது. இருபத்தாறு கிலோமீட்டர், 25 ரூபாய். 12.10க்குக் கீரனூர்.

பஸ்ஸிலிருந்து இறங்கினால் வளர்மதி நிற்கிறாள். நிர்மலாவும் கூட.

"அம்மா போன்ல சொல்லுச்சு. எதையோ விட்டுட்டுப் போயிட்டேனாம், நீங்க கொண்டு வாரீங்களாம். எதப்பா விட்டேன்?"

அவள் என் கையைப் பார்த்தாள். கையில் ஒன்றுமில்லை.

"ஏத்தா, பெட்டிய இன்னும் தொறக்கலையா?"

"எதுக்குத் தொறக்கணும்? டெல்லியிலதான் தொறப்போம்."

"நான் தொறந்தேன்," என்றேன். "பூஜைக்குப் பொட்டு வச்சேன்."

பஸ் நிலையத்தில் இருந்த அத்தனை சத்தமும் எனக்குக் கேட்டது. அவள் திரும்பி நடந்தாள். நிர்மலாவின் வீடு அடுத்த தெருவில்தான், நான்கு நிமிஷ நடை. உள்ளே போனதும் "ஃபேன நிப்பாட்டு," என்றாள். ஜன்னலைச் சாத்தினாள். கை கழுவித் துடைத்தாள். பெட்டியை மேசையில் வைத்து, முகத்தில் துணி கட்டிக்கொண்டு திறந்தாள்.

ஆறு சட்டங்களிலும் நடுவில் ஓட்டைதான் இருந்தது. ஓரத்தில் கறுப்பாகச் சுருண்டு, சிரைத்த முடி மாதிரி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஊதினீங்களாப்பா?"

"குங்குமம் கொட்டிருச்சுன்னு ஊதுனேன்."

முகத்துத் துணியை அவிழ்த்தாள். இனி அது தேவையில்லை. நிர்மலா மெதுவாகச் சொன்னாள், "அட்டெண்டர் அண்ணன் பொட்டு வப்பாருன்னுதானடி ஊருக்குத் தூக்கிட்டுப் போன."

"ஆமா," என்றாள் வளர்மதி. அப்புறம் ஒரு சட்டத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "பாரு, ஆறுலயும் ஒரே எடத்துல வச்சிருக்காரு. கை நடுங்கவே இல்ல."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"திரும்பச் செய்ய முடியாதாத்தா?"

"அதுக்குள்ள இருந்தது சாதா உலோகம் இல்லப்பா. தனியாப் பிரிச்சு எடுத்தது. எங்களுக்குக் கெடச்சதே ஒரு சிட்டிகை. அது முடிஞ்சு போச்சு."

கொல்லைப்புறம் போய் அவளுடைய ஆராய்ச்சிக்குக் கைடாக இருக்கும் பேராசிரியருக்குப் போன் செய்தாள். அரை மணி நேரம். திரும்பி வந்து எனக்கும் புரியும்படி சொன்னாள். அந்த ஐந்து நாள் வேறொரு குழுவுக்குப் போய்விடும். மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அவளுக்கு உதவித்தொகை இன்னும் ஏழு மாதம்தான். அதற்கு மேல் ஒன்று இருந்தது. டார்கெட்டைக் கல்லூரியில் பூட்டி வைக்காமல் வீட்டுக்கு ஏன் எடுத்துப் போனாள் என்று கேட்பார்கள். அவள் அஜாக்கிரதை என்று முடிவாகிவிட்டால் மறுபடி கேட்கவே முடியாது.

"நடந்தத எழுத்துல கேக்குறாரு," என்றாள். "செஞ்சவங்களே எழுதிக் குடுத்தா நல்லதாம். எழுதுறீங்களாப்பா?"

நிர்மலா வெள்ளைத்தாள் கொடுத்தாள். 1.20க்கு உட்கார்ந்தேன். முன்னெல்லாம் போலீஸ் ஸ்டேஷனோ தாலுகா ஆபீஸோ, யாராவது எழுதுவார்கள், நான் கட்டைவிரலை வைப்பேன். என்ன எழுதினார்களோ, எனக்குப் பொறுப்பில்லை. இப்போது என் கையில் பேனா. 'எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது' என்று எழுத ஆரம்பித்தேன். 'தெரியாமல்' வரைக்கும் எழுதிவிட்டு நிறுத்தினேன். அவள் எதிரே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ தொட வேண்டாம்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு," என்றேன்.

"தெரியும்ப்பா. பேப்பர் படிக்கிறத நிறுத்திட்டு நிமிந்து பாத்தீங்க."

எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். பதினோரு வரி. ஆறாவது வரி: 'யாரும் தொட வேண்டாம் என்று என் மகள் சொன்னாள். நான் கேட்டேன். கேட்ட பிறகும் திறந்தேன்.' கடைசியில் கையெழுத்துப் போட்டேன். மணி 2.35. ஓர் அலுவலகத்துக்கு என்று நான் எழுதிய முதல் எழுத்து இது. இதற்காகவா படித்தேன் என்று யாரிடம் கேட்பது?

நிர்மலா சோறு போட்டாள். மூன்று பேரும் பிசைந்து வைத்துவிட்டு எழுந்தோம். 3.20க்குப் புதுக்கோட்டை பஸ்ஸில் வளர்மதி என்னை ஏற்றிவிட்டாள், ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக் கொடுத்தாள்.

"ஒங்க மேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன்," என்றாள், ஜன்னலுக்கு வெளியே நின்று. "கோவம் இருக்கு. கொஞ்ச நாளைக்கு இருக்கும். வீட்டுக்குப் போயி நேரத்துக்குச் சாப்பிடுங்க. அம்மாட்ட நான் சொல்லிக்கிறேன்."

"நானே சொல்றேன்," என்றேன். பஸ் எடுத்துவிட்டார்கள். கட்டுமாவடி வந்து சேர 6.45. திரும்பும் வழியில் ஒரு போர்டும் படிக்கவில்லை.

இந்தப் பாதையில் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். போக வர மொத்தம் நூற்று எண்பது கிலோமீட்டர், பஸ்ஸுக்கு 164 ரூபாய், தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். விஜயதசமியன்று கூட்டம் குறைவு, ஆனால் காலை ஒன்பதுக்கு முன் டீக்கடை திறக்காது. உடையும் பொருளை எடுத்துப் போவதானால் பின்சக்கரத்துக்கு மேல் உள்ள சீட்டில் உட்கார வேண்டாம், தூக்கிப் போடும். வளர்மதி எப்போதும் நடு சீட்டில்தான் உட்காருவாள். வடக்கேயிருந்து எங்கள் வீடு வரைக்கும் அத்தனை குலுக்கலையும் அந்த ஆறும் தாங்கின. உங்கள் பிள்ளைகள் செய்கிற வேலை உங்களுக்குப் புரியாததாக இருந்தால், ஆசீர்வாதம் செய்வதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நம் ஆசீர்வாதத்துக்கும் ஒரு மூச்சு வேகம் இருக்கிறது.

நேற்று நிர்மலா போன் செய்தாள். மறு விண்ணப்பத்தோடு நான் எழுதியதையும் சேர்க்கிறார்களாம். அவள் இங்கிலீஷில் மாற்றித் தருகிறாள், ஆனால் அசலும் வேண்டும். கைடு பார்த்துவிட்டு எல்லாம் படிக்க முடிகிறது, ஆறாவது வரி மட்டும் புரியவில்லை என்றாராம். அந்த இடத்தில்தான் நான் அழுத்தி அழுத்தித் தாளைக் கிழித்திருக்கிறேன். தெளிவாக எழுதி அனுப்ப அடுத்த வாரம் வரைக்கும் நேரம் இருக்கிறது.

தினமும் காலையில் அந்த ஒரு வரியை எழுதிப் பழகுகிறேன். சொன்னாள், கேட்டேன், கேட்ட பிறகும் திறந்தேன். இன்றைக்கு இருபத்திரண்டு முறை. இன்னும் கோணல்தான், ஆனால் தாள் கிழியவில்லை. அடுத்த வாரம் அந்தத் தாளை மறுபடி எழுதி அனுப்புவேன்.